அடுப்பு சமைப்பவருக்கா, பார்ப்பவருக்கா?

நோன்பு காலம் நெருங்கும்போதும் கல்யாண மாதங்களிலும் வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கும் கடைகளில் வியாபாரம் சூடு பிடிப்பது வழமை. அண்மைய வருடங்களில் இக்கடைகளின் முன்வரிசையை ஒரு பொருள் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஐந்து பர்னர், கீழே பெரிய ஒவன், மேலே கண்ணாடி மூடி, முன்னால் பளபளக்கும் குமிழ்கள் என்று நிலத்தில் நிற்கும் பெரிய கேஸ் குக்கர்தான் அது. முன்பு ஹோட்டல்களிலும் வசதி படைத்தோரின் வீடுகளிலும் மட்டும் காணப்பட்ட இப்பொருள் இன்று நடுத்தர வீடுகளின் சமையலறைக்கும் வந்துவிட்டது. வருவதில் தவறில்லை. ஆனால் அது எப்படித் தெரிவு செய்யப்படுகிறது என்பதுதான் இவ்வாரம் நாம் பேச வேண்டிய விடயம்.

கடைக்கு வருபவர் பெரும்பாலும் வாப்பாவாக அல்லது வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகனாக இருப்பார். "தம்பி, இதுல பெரிசு எது?" என்று கேட்பார். "ஹாஜியார், இதைத்தான் இப்ப எல்லாரும் எடுக்குறாங்க" என்பார் விற்பனையாளர். விலை பேசப்படும், லொறியில் ஏற்றப்படும். அந்த அடுப்பின் முன்னால் தினமும் மூன்று நான்கு மணித்தியாலம் நிற்கப் போகும் உம்மாவிடமோ மகளிடமோ மருமகளிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வீட்டுக்கு வாங்கும் பொருட்களில், பாவிப்பவரைக் கேட்காமலே அதிகம் வாங்கப்படுவது அடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டியை அளவுங்கள்

இந்த அடுப்புகள் பொதுவாக 50, 60, 90 சென்றிமீற்றர் அகலங்களில் வருகின்றன. எதை எடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடையின் வெளிச்சம் அல்ல, உங்கள் வீட்டுச் சட்டி பானைகள். வீட்டில் அடிக்கடி பாவிக்கும் பெரிய சட்டிகள் இரண்டின் விட்டத்தையும் சமையலறையில் அடுப்பு வைக்கும் இடத்தின் அகலத்தையும் டேப்பால் அளந்து ஒரு துண்டில் எழுதிக் கொண்டு கடைக்குப் போங்கள். 60 சென்றிமீற்றர் அடுப்பில் நான்கு பர்னர் இருப்பது உண்மைதான். ஆனால் 30 சென்றிமீற்றர் சட்டிகள் இரண்டை அதில் அருகருகே வைக்க இடம் போதாது. நான்கு பர்னருக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் இரண்டை மாத்திரம் பாவிக்கும் வீடுகள் ஏராளம். ஆறு பேருக்கு உட்பட்ட குடும்பத்துக்கு நல்ல தரமான மூன்று பர்னர் மேசை அடுப்பும் தனியான சிறிய ஒவனும் இருந்தால் பெரும்பாலும் போதுமானது.

மறுபக்கத்தில், பெரிய அடுப்பு உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உள்ளன. வீட்டிலிருந்தபடியே கேக், பெட்டிஸ், பனிஸ் செய்து விற்கும் சகோதரிகள் இன்று எமது ஊர்கள் எங்கும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒவன் ஒரு தொழில் கருவி. கூட்டுக் குடும்பமாக வாழும் வீடுகளில் நோன்புக் கஞ்சி ஒரு பக்கம், சமோசாவுக்குத் தாச்சி ஒரு பக்கம், சஹருக்கான கறி இன்னொரு பக்கம் என்று வேலை நடக்கும். இப்படியானவர்களுக்கு 90 சென்றிமீற்றர் அடுப்பு ஆடம்பரம் அல்ல.

ஆனால் "புரியாணிக்குத் தேவை" என்று சொல்லிப் பெரிய அடுப்பு எடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிலத்தில் நிற்கும் அடுப்பின் மேற்பரப்பு ஏறக்குறைய 85 முதல் 90 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கும். அதன் மேல் ஆழமான பெரிய பானையை வைத்தால் அதன் வாய் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். கொதிக்கும் பானையை அந்த உயரத்தில் வைத்துக் கிளறுவதும் இறக்குவதும் ஆபத்தான வேலை. சஹன் கணக்கில் ஆக்குவதென்றால் அதற்கு உரியது முற்றத்தில் வைக்கும் தாழ்வான பெரிய அடுப்புத்தான். வருடத்தில் இரண்டு நாள் விருந்துக்காக வருடம் முழுவதும் பெரிய அடுப்பைச் சுமக்கத் தேவையில்லை.

விலைச்சீட்டில் இல்லாத விலை

அடுப்புக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கிறோம். எரிவாயுவுக்கு ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறோம். 2021 ஒக்டோபர் ஆரம்பத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் வெறும் சிலிண்டரோடு நாம் வரிசையில் நின்ற நாட்களையும் மறக்க முடியாது. ஆகவே அடுப்பு வாங்கும்போது அது எவ்வளவு எரிக்கும் என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

கணக்கு கடினமானதல்ல. ஒவ்வொரு பர்னரின் வலுவும் கிலோவாற்று அளவில் கையேட்டிலோ அடுப்பின் பின்பக்கத் தகட்டிலோ எழுதப்பட்டிருக்கும். ஒரு கிலோவாற்று பர்னர் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 70 கிராமுக்குச் சற்று அதிகமான வாயு செலவாகும். தாச்சிக்கென்று நடுவில் வரும் மூன்று வளையப் பர்னர் 3.5 கிலோவாற்று அளவில் இருக்கும். அது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 250 கிராம் எரிக்கும். அப்படியென்றால் 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஒரு பர்னருக்கு மாத்திரம் 50 மணித்தியாலம்தான் தாங்கும். இந்தப் பெரிய பர்னரை எவ்வளவு குறைத்தாலும் சிறிய பர்னரின் அளவுக்கு அது இறங்காது. எனவே கறியை மெல்லிய சூட்டில் வைப்பதற்கு ஒரு கிலோவாற்று அளவிலான சிறிய பர்னர் ஒன்றாவது உள்ளதா என்று பாருங்கள். எல்லாப் பர்னரும் பெரிதாக இருக்கும் அடுப்பு கண்ணுக்கு அழகு, பைக்கு நட்டம்.

பெரிய கேஸ் ஒவன் முழு வேகத்தில் எரியும்போது மணித்தியாலத்துக்கு 300 கிராம் வரை செலவாகலாம். ஐந்து பர்னரும் ஒவனும் ஒன்றாக எரிந்தால் செலவு ஒரு கிலோவை எட்டும். அந்த வேகத்தில் வாயு வெளியேறும்போது சிலிண்டர் குளிர்ந்து அமுக்கம் குறையும், சுவாலை தளரும். "அடுப்பு சரியில்லை" என்று கடைக்கு வரும் முறைப்பாடுகளில் சில உண்மையில் இதுதான். ஒரு சிலிண்டரை நம்பி எல்லாவற்றையும் ஒன்றாக எரிக்க முடியாது என்பதை விற்கும்போதே சொல்லி விடுவது நல்லது.

உயிர் காக்கும் சிறு கம்பி

அடுப்புத் தெரிவில் நிறத்துக்கும் குமிழுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பர்னரின் ஓரத்தில் விரல் நுனியளவு ஒரு சிறு உலோகக் கம்பி சுவாலையைத் தொட்டபடி நிற்கும். சுவாலை அதைச் சூடாக்கும் வரை உள்ளே வால்வு திறந்திருக்கும். கறி பொங்கி வழிந்தோ காற்றடித்தோ சுவாலை அணைந்தால் கம்பி குளிர்ந்து, சிறிது நேரத்தில் வாயு தானாக நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பு சில அடுப்புகளில் ஒவனுக்கு மட்டும் இருக்கும், சிலவற்றில் எல்லாப் பர்னருக்கும் இருக்கும், மலிவானவற்றில் எதற்குமே இராது. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்று போலவே தெரியும். ஆகவே "ஒவ்வொரு பர்னருக்கும் உண்டா?" என்று கேட்டு, கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

இது உள்ள அடுப்பைப் பற்ற வைக்கும்போது குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதைப் பழுது என்று நினைத்துக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கழற்றி விடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். விற்பவர் ஒரு நிமிடம் செலவழித்து விளக்கிச் சொன்னால் இந்தப் பிரச்சினையே வராது.

சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். அடிப்பக்கம் மூடிய அலுமாரிக்குள் சிலிண்டரை வைத்துக் கதவைச் சாத்தும் "மொடர்ன் கிச்சன்" பாணி இதனால்தான் ஆபத்தானது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் நடந்த எரிவாயு வெடிப்புகள் நினைவிருக்கும். பல வீடுகளில் கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புகள் சிதறின. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதைப் பிரதான காரணமாகச் சுட்டிக் காட்டியது. கலவையை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஹோஸ், கிளிப், ரெகியுலேட்டர் ஆகிய மூன்றும் எமது கையில்தான் உள்ளன. பெரிய தொகைக்கு அடுப்பு எடுத்துவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டிக் கொள்பவர்களைப் பார்க்கிறோம். எஸ்.எல்.எஸ். தரம் உள்ள புதிய ஹோஸை அடுப்போடு சேர்த்து வாங்குங்கள். அது ஒவனின் சூடான பின்பக்கத்தில் உரசாமல் செல்ல வேண்டும். பொருத்தியதும் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். சுவாலை போதவில்லை என்று ஹோட்டல் அடுப்புக்குரிய உயர் அமுக்க ரெகியுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டுவதும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு விடயங்கள். மேலேயுள்ள கண்ணாடி மூடியை முழுதாகத் திறக்காமல் அடுப்பைப் பற்ற வைத்தால் அது வெடித்துச் சிதறும். திறந்திருக்கும் ஒவன் கதவின் மேல் பிள்ளை ஏறி நின்றால் முழு அடுப்பும் கொதிக்கும் சட்டியோடு முன்னால் சாயும். இதற்காகவே அடுப்பைச் சுவரோடு பிணைக்கச் சங்கிலியோ கொக்கியோ பல அடுப்புகளோடு வருகிறது. அது பெட்டிக்குள்ளேயே கிடந்து குப்பைக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

வெளிநாட்டு அடுப்பு, பழைய அடுப்பு

வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் அடுப்பையும் கொண்டு வருவதுண்டு. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த அடுப்புகளும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பொருள் உறுதியானதாக இருக்கலாம். ஆனால் அது எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டது என்பது முக்கியம். குழாய் வழியாக வீடுகளுக்கு இயற்கை வாயு வரும் நாடுகளில் அடுப்பின் ஜெட் துவாரம் பெரிதாக இருக்கும். அதை அப்படியே எமது சிலிண்டரில் பூட்டினால் அளவுக்கு மிஞ்சிய வாயு வந்து, மஞ்சள் சுவாலை உயர்ந்து, சட்டி கரி பிடிக்கும். மூடிய அறையில் உயிருக்கு ஆபத்தான நச்சு வாயுவும் உண்டாகும். ஜப்பான் அடுப்பில் 13ஏ அல்லது 12ஏ என்று குறித்திருந்தால் அது நகரக் குழாய் வாயுவுக்குரியது. எல்.பி. என்று குறித்திருப்பதே எமக்குப் பொருத்தமானது. அதற்குரிய 2.8 கிலோபாஸ்கல் அமுக்கமும் எமது வீட்டு ரெகியுலேட்டரின் அமுக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிய அடுப்புகள் பலவற்றில் இரண்டு வாயுவுக்குமான ஜெட்டுகள் ஒரு சிறு பைக்குள் வரும். எந்த ஜெட் பூட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டுக் கொள்ளுங்கள். சரியான சுவாலை நீல நிறத்தில் நிதானமாக எரியும்.

ஒவன் கேஸிலா மின்சாரத்திலா என்ற கேள்வியும் உண்டு. கேஸ் ஒவனில் ஈரப்பதனான சூடு கிடைக்கும், மின்சாரம் இல்லாதபோதும் வேலை நடக்கும். மின் ஒவனில் சூடு சீராக இருப்பதால் கேக் செய்பவர்கள் அதையே விரும்புவர். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாளை நினைத்துப் பார்த்தால், மின்சாரம் இல்லாத வேளையிலும் தீக்குச்சியால் பற்ற வைக்க முடிகிறதா என்று கேட்பதன் அவசியம் புரியும். சில நவீன மாதிரிகளில் மின்சாரம் இல்லாவிட்டால் ஒவனைத் திறக்கவே முடியாதபடி வால்வு பூட்டிக் கொள்கிறது.

கடனும் காட்சியும்

இனி, எமது சமூகத்தில் வெளிப்படையாகப் பேசப்படாத பகுதிக்கு வருவோம். கிழக்கிலே பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இப்போது வீடு மட்டும் போதவில்லை. அந்த வீட்டின் சமையலறையும் நிரம்பியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் நாளில் பெரிய அடுப்பு நிற்க வேண்டும் என்பதற்காக, அன்றாடம் உழைக்கும் வாப்பா தவணைக் கட்டணத்துக்குக் கையெழுத்து வைக்கிறார். அந்தத் தவணையில் வட்டி உண்டு என்பது தெரிந்தும் "கல்யாணம்தானே" என்று கண்ணை மூடிக் கொள்கிறார். வட்டி விடயத்தில் எமது மார்க்கத்தின் நிலைப்பாட்டை இங்கு விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது வேறொன்று: அந்த அடுப்பு பின்னர் எப்படிப் பாவிக்கப்படுகிறது என்பது.

பல வீடுகளில் அது முன் சமையலறையில் துணி போர்த்தி நிற்கிறது. உண்மையான சமையல் பின்னாலுள்ள குசினியில் பழைய இரண்டு பர்னர் அடுப்பில் நடக்கிறது. பெரிய அடுப்பின் ஒவனுக்குள் தட்டுகளும் தாச்சிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடன் மட்டும் மாதா மாதம் ஒழுங்காக எரிந்து கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் புது வாழ்க்கை கடனோடும் வட்டியோடும் தொடங்குவதற்கு ஓர் அடுப்பு காரணமாக இருக்குமானால் அதில் என்ன பரக்கத் இருக்க முடியும்? கையிலுள்ள காசுக்கு ஒரு நல்ல மூன்று பர்னர் அடுப்பு வாங்கிக் கொடுப்பதால் எந்த வாப்பாவுடைய மரியாதையும் குறைந்துவிடாது. குறைகிறது என்று கருதும் சம்பந்திதான் வெட்கப்பட வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

வாங்குபவர்களுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கிக் கொள்வது நியாயமல்ல. இந்த வியாபாரத்தில் எமது சமூகத்தவர் பலர் ஈடுபட்டிருக்கிறோம். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவத்தை ஜும்ஆக்களில் பல முறை கேட்டிருக்கிறோம். ஓர் அடுப்பின் பளபளப்புக்குக் கீழே மெல்லிய தகடும், பாதுகாப்பு இல்லாத பர்னரும், உதிரிப்பாகம் கிடைக்காத வால்வும் இருப்பது எமக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றால், அந்த ஈரத் தானியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் முன்வைக்கும் யோசனை மிகச் சிறியது. ஒவ்வொரு அடுப்பின் மேலும் விலைச்சீட்டோடு ஐந்து வரி எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். சுவாலை அணைந்தால் வாயு நிற்கும் பாதுகாப்பு எந்தெந்தப் பர்னருக்கு உண்டு, ஒவ்வொரு பர்னரும் எத்தனை கிலோவாற்று, எந்த வாயுவுக்குரிய ஜெட் பூட்டப்பட்டுள்ளது, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், உத்தரவாதம் யார் தருவது, எவ்வளவு காலத்துக்கு என்ற ஐந்தும் போதும். உத்தரவாதம் என்ற இடத்தில் கம்பனியின் உத்தரவாதமா கடையின் உத்தரவாதமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பொருத்தும் ஆளுக்குச் சவர்க்கார நீர் சோதனையையும் சங்கிலி பூட்டுவதையும் கட்டாயமாக்குங்கள்.

"இதையெல்லாம் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய் மலிவானதை எடுப்பார்" என்று சிலர் சொல்வர். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் அடுப்பு வாங்கும் குடும்பம் அத்தோடு நிற்பதில்லை. ரெகியுலேட்டர், மிக்ஸர், குளிர்சாதனப் பெட்டி என்று பத்து வருடத்துக்கு வந்து கொண்டே இருக்கும். அப்படித் திரும்பி வருபவர்களின் நம்பிக்கையில்தான் புறக்கோட்டையிலும் காத்தான்குடியிலும் அக்குறணையிலும் எமது மூத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தார்கள். ஒரு சிறிய அடுப்பைப் பொருத்தமாக விற்றவரின் பெயரை அந்த வீட்டுப் பெண்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். பொருந்தாத பெரிய அடுப்பைத் தள்ளிவிட்டவரின் பெயரையும் அவர்களே சொல்வார்கள்.

வாங்குபவர்களும் தமது உரிமையை விட்டுவிடக் கூடாது. பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கடைக்குப் போகும்போது சமைப்பவரையும் அழைத்துக் கொண்டு போங்கள். அவர் குமிழைத் திருப்பிப் பார்க்கட்டும், ஒவன் கதவைத் திறந்து மூடட்டும், சட்டி வைக்கும் கம்பிகள் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். அவர் போதும் என்று சொல்லும் அடுப்புத்தான் உங்கள் வீட்டுக்குரிய அடுப்பு.

வாங்குவோருக்கு நிதானத்தையும் விற்போருக்கு அமானிதத்தையும் தந்து, எமது வீடுகளின் உணவிலும் கடைகளின் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.